எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை வீட்டில் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீக்கர் கட்டுகிற ஆள் என்று பெயர் வந்துவிட்டால் போதும், நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் போனில் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உதாரணத்துக்கு பிபிசியின் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டேன். உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட சின்ன ஸ்பீக்கர்களில் அதுவும் ஒன்று. இதில் வரும் சிக்கல்கள் வேறு எந்த ஸ்பீக்கரை நகலெடுத்தாலும் வரும்.

"குளோன், கிட், டிஐஒய்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?"

இல்லை. டிஐஒய் என்றால் நாமே கட்டியது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. வடிவமைப்பும் நம்முடையதாக இருக்கலாம். கிட் என்பது ஒருவர் வடிவமைத்து, டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்), கிராஸ்ஓவர் (ஒலியை அதிர்வெண் பார்த்துப் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் சர்க்யூட்) பாகங்கள், வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்து விற்பது. குளோன் என்பது விற்பனைக்கு வந்த ஒரு ஸ்பீக்கரை அதே டிரைவர், அதே பெட்டி, அதே கிராஸ்ஓவரோடு திரும்பக் கட்ட முயல்வது. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அது குளோன் இல்லை, புது ஸ்பீக்கர். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இங்கேயே இருக்கிறது.

"அந்தக் குட்டிப் பெட்டியில அப்படி என்னதான் இருக்கு? ஏன் எல்லாரும் அதையே பிடிச்சுத் தொங்குறாங்க?"

1970களில் பிபிசியின் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்கு ஒரு சின்ன மானிட்டர், அதாவது ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர், தேவைப்பட்டது. வண்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவெடுக்கவும் முடியாது. அப்போது பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில், அரங்குகளை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டி ஒலியைச் சோதிக்கும் வேலைக்காக ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தது. அதிலிருந்து எல்எஸ்3/5 வந்தது. டிரைவர்களைச் செய்த கெஃப் நிறுவனம் அவற்றில் மாற்றம் செய்யவே, கிராஸ்ஓவரைத் திரும்ப வடிவமைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஏ என்ற எழுத்து சேர்ந்தது அப்படித்தான். டிரைவர் மாறியதும் பிபிசியே முதலிலிருந்து ஆரம்பித்தது என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நகலெடுப்பவர்களுக்கு இது பிடித்துப்போகக் காரணம் வேறு. 1976இல் ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் எழுதிய பிபிசி அறிக்கை இதன் வடிவமைப்பை வெளிப்படையாக விவரிக்கிறது. பிபிசி தானே தயாரித்து விற்காமல் ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. யார் செய்தாலும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் விவரக்குறிப்பு இருந்தது. இவ்வளவு விவரம் வெளியே கிடைக்கும் வணிக ஸ்பீக்கர் அபூர்வம்.

"லட்சக்கணக்குல விக்கிறதை நாமே செஞ்சா செலவு எவ்வளவு மிச்சமாகும்?"

பொருளின் விலையை மட்டும் கூட்டினால் மிச்சமாகும். ஆனால் தச்சுக் கருவி, அளக்கும் மைக், சோதனைக்கு வாங்கி மூலையில் கிடக்கும் காயில்கள், டிரைவருக்குக் கட்டிய சுங்க வரி எல்லாம் சேர்த்தால் முதல் ஜோடியில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பணத்தை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் நல்ல நிலையிலுள்ள பழைய ஸ்பீக்கர் ஒன்றை வாங்குவது லாபம். கட்டுவதில் ருசி இருப்பவர்கள் மட்டும் கட்டலாம்.

"பெட்டியை இஞ்ச் பிசகாம செஞ்சுட்டா அதே சத்தம் வந்துடும்ல?"

பெட்டி முக்கியம்தான், ஆனால் மூன்றில் ஒன்றுதான். எல்எஸ்3/5ஏயின் வெளியளவு 305 மி.மீ. உயரம், 185 மி.மீ. அகலம், 160 மி.மீ. ஆழம். பலகை 12 மி.மீ. பிர்ச் பிளைவுட். முன்பலகை சற்று உள்வாங்கி இருக்கும். மூலைச் சட்டம், டிரைவரின் காந்தம், கிராஸ்ஓவர் எல்லாம் போக உள்ளே சுமார் 5 லிட்டர் காற்று மிஞ்சும். முழுக்க மூடிய பெட்டி.

பெட்டியின் கனஅளவு கீழ்ச்சுருதியைத் தீர்மானிக்கிறது. முன்பலகையின் அகலம் நடுப்பகுதியைத் தொடுகிறது. 185 மி.மீ. அகலத்துக்குச் சுமார் 600 ஹெர்ட்ஸில் ஒலி முன்பக்கம் மட்டும் போவதிலிருந்து எல்லாப் பக்கமும் பரவுவதாக மாறத் தொடங்கும். அதற்குக் கீழே மெதுவாகச் சத்தம் குறையும், அதிகபட்சம் 6 டெசிபெல் வரை. கிராஸ்ஓவர் இந்தக் குறைவைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டது. அழகுக்காக முன்பலகையை அகலமாக்கினால் கிராஸ்ஓவரின் கணக்கு தப்பிவிடும்.

"எங்க ஆசாரி எம்டிஎஃப்ல செஞ்சா சுலபம், சுத்தமா வரும்ங்கிறார். சரிதானே?"

பொதுவான ஸ்பீக்கருக்கு ஆசாரி சொல்வது சரி. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) சமமாக வெட்டுப்படும், பெயின்ட் நன்றாக உட்காரும். ஆனால் எல்எஸ்3/5ஏ வேறு பள்ளியைச் சேர்ந்தது. ஹார்வுட் காலத்து பிபிசிக்காரர்கள் மெல்லிய பிளைவுட் சுவரை எடுத்து, உள்பக்கம் தார் கலந்த கனமான அட்டையை ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். சுவர் அதிரும், ஆனால் அதிர்வு காதுக்கு அவ்வளவு உறுத்தாத தாழ்ந்த பகுதியில் வந்து, சீக்கிரம் அடங்கிவிடும். கெட்டியான சுவரில் அதே அதிர்வு, காது கூர்மையாகக் கேட்கும் நடுப்பகுதிக்கு ஏறிவிடக்கூடும் என்பது அவர்களுடைய வாதம்.

எந்த அளவுக்கு நுணுக்கம் பார்த்தார்கள் என்றால், மூலைகளில் வைக்கும் சட்டம் பீச் மரமாக இருக்க வேண்டும் என்று விவரக்குறிப்பிலேயே உண்டு. அதற்குப் பதிலாக மிருதுவான பரானா பைன் போட்டபோது ஒலியில் சாயல் தட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத ஒரு சட்டம்!

இங்கே பிர்ச் பிளைவுட் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் பரவாயில்லை. உள்ளே ஓட்டையில்லாத பலகையாகத் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். கடைக்காரர் 12 என்று சொன்னாலும் கேலிப்பரை வைத்து அளந்து பாருங்கள். சட்டத்துக்கு பீச் கிடைக்காவிட்டால் நன்கு காய்ந்த, கெட்டியான ஏதாவது மரம். தார் அட்டைக்கு, கார் கதவுக்குள் ஒட்டும் சத்தத் தடுப்புத் தாள் போதும். அதன் மேல் திறந்த துளையுள்ள ஃபோம்.

"18 மி.மீ. பலகை போட்டா இன்னும் கெட்டியா இருக்குமே?"

அதிர்வைப் பற்றி முந்தைய பதிலில் சொல்லிவிட்டேன். இன்னொரு கணக்கும் உண்டு. வெளியளவை மாற்றாமல் பலகையை 12இலிருந்து 18 ஆக்கினால், சட்டத்தையும் டிரைவரையும் கழிப்பதற்கு முந்தைய உள்ளளவு சுமார் 5.7 லிட்டரிலிருந்து 4.5 லிட்டராகச் சுருங்கும். ஐந்தில் ஒரு பங்கு காற்று போய்விட்டது. கட்டாயம் 18 தான் என்றால் உள்ளளவை அப்படியே வைத்து வெளிப்பக்கம் பெரிதாக்குங்கள். முன்பலகை அகலம் மாறுவதற்கு என்ன விலை என்று மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

"ஒரிஜினல் டிரைவர் இப்ப கிடைக்குதா? பழசு வாங்கலாமா?"

ஒரிஜினலில் இருப்பது கெஃப் பி110 வூஃபர் (கீழ், நடுப்பகுதி ஒலிக்கான டிரைவர்), கெஃப் டி27 ட்வீட்டர் (மேல்பகுதி ஒலிக்கான டிரைவர்). வூஃபரின் கோன் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, மேலே ஒரு பூச்சு. டி27 என்பது 19 மி.மீ. மைலார் டோம். கெஃப் இவற்றை எப்போதோ நிறுத்திவிட்டது. இந்த இரண்டையும் கெஃப்பில் இருந்தபோது வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் அக்கௌஸ்டிக்ஸ் நிறுவனம் இவற்றைத் திரும்பத் தயாரிக்கிறது; பிபிசி உரிமத்தோடு முழு ஸ்பீக்கரும் செய்கிறது. காசு இருந்தால் நேர் வழி இதுதான்.

பழையது வாங்கினால் எண்ணைப் பாருங்கள். பி110 என்ற பெயரில் பல வகை வந்தன. பழைய எல்எஸ்3/5ஏயில் உள்ளது எஸ்பி1003. பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேறு எண் பி110 சந்தையில் உலவுகிறது. அது இந்த கிராஸ்ஓவருக்கு ஒத்துவராது. சரியான எண்ணாக இருந்தாலும் எத்தனையோ வருடம் ஓடிய டிரைவர். இரண்டையும் அளந்து, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால்தான் ஜோடி. அந்தக் காலத்திலும் தொழிற்சாலையில் டிரைவர்களை அளந்து பிரித்துத்தான் போட்டார்கள்.

சீனாவிலிருந்து வரும் நகல் கிட்டுகளில் பி110 மாதிரி, டி27 மாதிரி என்று டிரைவர்கள் வருகின்றன. தோற்றம் ஒத்துப்போவது ஒரு சாட்சியே இல்லை. அளந்த வரைபடம் கேளுங்கள். தராவிட்டால் நீங்களே அளக்கத் தயாராக இருங்கள்.

"அந்த டிரைவர் இல்லேன்னா என்ன, வேற நல்ல 5 இன்ச் வூஃபர் போட்டுட்டா போச்சு! அதுவும் விலை ஜாஸ்தியானது."

போடலாம். ஆனால் அதை எல்எஸ்3/5ஏ என்று கூப்பிடாதீர்கள். கெஃப் டிரைவர்கள் நின்றபின் ஸ்டெர்லிங் பிராட்காஸ்ட் நிறுவனத்துக்கு இதே சிக்கல் வந்தது. வேறு டிரைவர்களை எடுத்தார்கள், ஆனால் டெரக் ஹியூஸ் அதற்கென்று புது கிராஸ்ஓவரே வடிவமைத்தார். ஸ்பெண்டாரைத் தொடங்கிய பிபிசி பொறியாளர் ஸ்பென்சர் ஹியூஸின் மகன் அவர். அப்படிப்பட்ட கைக்கே புது கிராஸ்ஓவர் தேவைப்பட்டது.

கீழ்ச்சுருதிக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். டிரைவரின் தாளில் மூன்று எண் இருக்கும்: தனி அதிர்வெண் (டிரைவர் இயல்பாக அதிரும் இடம்), மொத்த கியூ (அங்கே அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதைச் சொல்லும் எண்), அதன் தொங்கலுக்கு (கோனைப் பிடித்திருக்கும் பகுதிக்கு) சமமான காற்றின் அளவு. கடைசி எண்ணைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதால் முதல் இரண்டு எண்ணையும் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 45 ஹெர்ட்ஸ், 0.4, 15 லிட்டர் என்று வைப்போம். 5 லிட்டர் பெட்டியில் 15ஐ 5ஆல் வகுத்தால் 3, ஒன்று கூட்டினால் 4, வர்க்கமூலம் 2. ஆகவே மூடிய பெட்டியில் அதிர்வெண் 90 ஹெர்ட்ஸ், கியூ 0.8. கியூ 0.7ஐ ஒட்டி இருந்தால் சமமாக இறங்கும். 1ஐத் தாண்டினால் கீழே ஒரு மேடு கட்டும். எல்எஸ்3/5ஏயில் 100க்கும் 200க்கும் நடுவே அப்படி ஒரு சிறு மேடு உண்டு. அவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து வயிறுள்ள குரல் வருவதுபோலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். விலை கூடிய வூஃபர் அந்த மேட்டைத் தராமல் போகலாம், அப்புறம் "ஒரிஜினல்ல இருந்த அந்த இது இல்லையே" என்பீர்கள்.

"ரிச்சி ஸ்ட்ரீட்ல 3 கிலோஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் ரெடிமேடா கிடைக்குது. அதுவும் 3, இதுவும் 3. போட்டா என்ன?"

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். எல்எஸ்3/5ஏயும் சுமார் 3 கிலோஹெர்ட்ஸில்தான் பிரிகிறது. ஆனால் ரெடிமேட் கிராஸ்ஓவர் பலகையில் அச்சிட்ட 3, டிரைவரை ஒரு 8 ஓம் ரெசிஸ்டராக நினைத்துப் போட்ட கணக்கு. நிஜ டிரைவரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) ஒரே எண்ணாக நிற்பதில்லை. அதிர்வெண்ணோடு ஏறி இறங்கும். தனி அதிர்வெண்ணில் மலைபோல உயரும், மேலே காயிலால் மீண்டும் ஏறும். அதே பலகையை இரண்டு வேறு வூஃபரில் மாட்டினால் இரண்டு வேறு இடத்தில் பிரியும்.

அதோடு கிராஸ்ஓவரின் வேலை பிரிப்பது மட்டும் இல்லை. எல்எஸ்3/5ஏயில் உள்ள பிபிசியின் எஃப்எல்6/23 கிராஸ்ஓவர் பலகையைப் பார்த்தால் வெறும் 3 கிலோஹெர்ட்ஸ் பிரிப்புக்கு இத்தனை பாகம் எதற்கு என்று தோன்றும். பி110க்கு 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு மேடு உண்டு. அதை அமுக்க ஒரு பகுதி. முன்பலகையால் வரும் குறைவைச் சரிசெய்ய ஒரு பகுதி. ட்வீட்டரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, பல இடத்தில் தட்டு (நடுவில் கம்பியை வெளியே எடுத்த இணைப்பு முனை) வைத்த காயில் ஒன்று. அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மராக வேலை செய்கிறது. எந்த ட்வீட்டர் வந்தாலும் அதற்கேற்ற தட்டில் இணைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

இத்தனை அமுக்கலுக்கும் விலை உண்டு. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் கிடைப்பது 83 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவு. இந்த ஸ்பீக்கரின் குணம் என்று நாம் ரசிப்பதில் பெரும்பகுதி அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

"சர்க்யூட் கையில இருக்கு. காயில், கெபாசிட்டரை எல்லாம் உசத்தியா மாத்திட்டா இன்னும் நல்லா இருக்குமா?"

எண் மாறாதவரை மாற்றலாம், ஆனால் எண் என்றால் எல்லா எண்ணும். காயிலுக்கு மில்லிஹென்றியோடு அதன் டிசி ரெசிஸ்டன்ஸும் ஓர் எண். வூஃபரோடு தொடரில் நிற்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கூடினால் மேலே சொன்ன கியூ கூடும், பேஸ் தளரும். தடித்த கம்பியால் சுற்றி அதைக் குறைத்தால் எதிர்ப்பக்கம் போகும். ஒரிஜினலில் இரும்புத் தகடு வைத்த காயில்கள். அதே மில்லிஹென்றியைக் காற்றுக் காயிலாகச் சுற்றினால் கம்பி அதிகம் பிடிக்கும், ரெசிஸ்டன்ஸ் தானாகவே மாறும்.

எனாமல் காப்பர் கம்பி மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்குக் கிடைக்கும். கொஞ்சம் அதிகமாகச் சுற்றி, காயிலின் எண்ணை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் மாட்டி, ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி எண்ணுக்குக் கொண்டுவரலாம். பொறுமை இருந்தால் இதுதான் மலிவும் துல்லியமும். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் காயில்களை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும்.

கெபாசிட்டரில் பாலிப்ரொப்பிலீன் போதும். பெட்டிக்குள் விலை உயர்ந்த, பெயர் பெற்ற கெபாசிட்டர் போட்டவர்கள் சொல்லும் வித்தியாசத்தில் பாதி, பழையதும் புதியதும் எண்ணில் வேறுபட்டதால் வந்தது என்பது என் கருத்து. இரண்டையும் அளந்துவிட்டுப் பேசலாம்.

"ட்வீட்டரைச் சுத்தி கம்பளி மாதிரி ஒட்டியிருக்கே, அழகுக்கா?"

இல்லை. முன்பலகை உள்வாங்கியிருப்பதால் சுற்றிலும் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ட்வீட்டரின் ஒலி அந்த விளிம்பில் பட்டுத் திரும்பும். நேராக வரும் ஒலியோடு அது சேரும்போது சில அதிர்வெண் கூடும், சில குறையும். தடித்த ஃபெல்ட் அதை உறிஞ்சிவிடும். டி27க்கு மேலே உள்ள துளையிட்ட உலோக மூடியும் விரல் படாமல் காப்பதோடு நிற்பதில்லை. ஒலியின் மேல்பகுதியை அது கொஞ்சம் மாற்றும், கிராஸ்ஓவர் அதையும் சேர்த்து வடிவமைத்தது. ஃபெல்ட்டைக் கழற்றிவிட்டு "இப்ப இன்னும் தெளிவா கேக்குது" என்பவர்கள் உண்டு. மேல்பகுதி ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

"பின்னாடி ஒரு ஓட்டை போட்டு பைப் வெச்சா பேஸ் கூடுமே?"

பைப் வைத்த பெட்டிக்கு வேறு வகை வூஃபர், வேறு கனஅளவு, சரியான பைப் நீளம் எல்லாம் வேண்டும். 5 லிட்டரில் பி110க்கு அது பொருந்தாது. மேலே உள்ள மேடு இன்னும் வீங்கி, அதற்குக் கீழே கோன் பிடிமானம் இல்லாமல் அலையும். பேஸ் போதவில்லை என்றால் தனியாக சப்வூஃபர் சேருங்கள், 80 ஹெர்ட்ஸ் அருகே பிரித்து. ரோஜர்ஸ் நிறுவனமே எல்எஸ்3/5ஏயோடு சேர்க்க ஏபி1 என்று ஒரு பேஸ் பெட்டி விற்றது.

"15 ஓமா, 11 ஓமா? எதைக் கட்டறது?"

பழையது 15 ஓம். 1980களின் கடைசியில் டிரைவர் மாறியபோது கிராஸ்ஓவரையும் மாற்றி 11 ஓம் ஆக்கினார்கள். கையில் இருக்கும் டிரைவர் எதுவோ அதைக் கட்டுங்கள். ஒன்றின் டிரைவரை இன்னொன்றின் கிராஸ்ஓவரில் மாட்டாதீர்கள். எது நன்றாக ஒலிக்கிறது என்ற சண்டையில் நான் தலையிடுவதில்லை.

"எத்தனை வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வேணும்? என் 10 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் தாங்குமா?"

83 டெசிபெல் என்றால் 25 வாட் கொடுக்கும்போது 1 மீட்டரில் 97 வரும். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 8 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியும் இரண்டாவது ஸ்பீக்கரும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். சாதாரண அறையில் கேட்க இது போதும், கல்யாண மண்டபத்துக்கு ஆகாது.

15 ஓம் ஸ்பீக்கருக்கு 25 வாட் போக சுமார் 19 வோல்ட் வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால், 8 ஓமில் 47 வாட் தருவதாக எழுதியிருப்பதுதான் 15 ஓமில் 25 தரும். 10 வாட் ட்யூப் ஆம்ப், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 16 ஓம் முனை இருந்தால், வீணையும் குரலும் கேட்க இனிமையாகவே இருக்கும். தவில் கச்சேரியை உரக்க வைக்க ஆசைப்பட்டால் திணறும்.

"மைக், சாஃப்ட்வேர் எல்லாம் எதுக்கு? காதுதானே கடைசியில கேக்கப்போகுது?"

கடைசியில் காதுதான். ஆனால் வழியில் மைக் வேண்டும். கேட்டுக் கேட்டு ட்வீட்டர் ரெசிஸ்டரை மாற்றிக்கொண்டே போனால், அன்றைக்குப் போட்ட பாட்டுக்கு ஏற்ற ஸ்பீக்கர்தான் வரும். அடுத்த பாட்டில் கூசும்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், திருத்தக் கோப்போடு வரும் ஒரு யூஎஸ்பி மைக்கும் போதும். அறையின் எதிரொலி கலக்காமல் இருக்க முதல் சில மில்லிசெகண்டை மட்டும் வெட்டி எடுப்பார்கள். சுவரும் தரையும் தள்ளி இருந்தால் 5 மில்லிசெகண்ட் கிடைக்கும். அப்படியானால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த வரைபடத்தை நம்பக் கூடாது. அதற்குக் கீழே மைக்கை வூஃபர் கோனை ஒட்டினாற்போல வைத்துத் தனியாக அளந்து, இரண்டையும் சேர்க்க வேண்டும். புது கிராஸ்ஓவர் வடிவமைப்பதாக இருந்தால் ஒலியலையின் கட்டமும் (ஃபேஸ்) அளக்க வேண்டும். அதற்கு யூஎஸ்பி மைக்கைவிட இரண்டு சானல் சவுண்ட் கார்டும் சாதாரண மைக்கும் நல்லது. இம்பீடன்ஸை அளக்கவும் அதே கார்டும் ஒரு ரெசிஸ்டரும் உதவும். ட்வீட்டரை முதன்முதலாக அளக்கும்போது ஒரு கெபாசிட்டரைத் தொடரில் போடுங்கள். கிளிக் என்று ஒரு சத்தம் போதும், டோம் போய்விடும்.

அச்சு அசல் குளோன்தான் கட்டுகிறேன், ஃபால்கன் டிரைவர், எஃப்எல்6/23 எண்கள், எதையும் மாற்றவில்லை என்றால் அளப்பது வெறும் சரிபார்ப்பு. அப்போதும் செய்யுங்கள்.

"எல்லாம் மாட்டியாச்சு. ஆனா பாடறவர் நடுவுல நிக்காம எங்கேயோ பரவிக் கேக்குறார். என்ன தப்பு?"

பத்தில் எட்டு சமயம் ஒரு ஸ்பீக்கரின் கம்பி தலைகீழ். ஒரு பக்கம் மட்டும் சிவப்பு, கருப்பை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் சரியாகாவிட்டால் உள்ளே ட்வீட்டரின் முனையைப் பாருங்கள். இங்கே அவசரப்பட வேண்டாம். சில வடிவமைப்பில் ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைப்பார்கள். வரைபடம் சொல்வதுதான் சரி.

அடுத்து காற்றுக் கசிவு. வூஃபர் கோனை நடுவில் நான்கு விரலால் மெதுவாக, நேராக உள்ளே அழுத்தி விடுங்கள். மெல்லத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. டக்கென்று குதித்து வந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் ஸ்பீக்கர் முனை பொருத்திய துளை, இல்லாவிட்டால் முன்பலகை சட்டத்தில் உட்காரும் இடம். அங்கே மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டித் திருகுங்கள். இரண்டும் சரியென்றால் இரு ஸ்பீக்கரையும் அளந்து ஒன்றின் மேல் ஒன்றாக வரைபடத்தை வையுங்கள். 1 டெசிபெல்லுக்குள் ஒத்துப்போகாவிட்டால் டிரைவர் ஜோடி சேரவில்லை.

"சரி, இதே மாதிரி எந்த பிராண்டையும் காப்பி அடிக்கலாமா?"

டிரைவர் வெளியே கிடைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. புரோஆக் ரெஸ்பான்ஸ் 2.5ஐ உலகம் முழுக்க வீட்டில் கட்டினார்கள் என்றால், அதில் இருந்த ஸ்கேன்-ஸ்பீக் டிரைவர்களைக் கடையில் வாங்க முடிந்ததுதான் காரணம். பி&டபிள்யூ, இன்றைய கெஃப் போன்றவர்கள் டிரைவரைத் தாங்களே செய்கிறார்கள், வெளியே விற்பதில்லை. கெஃப்பின் யூனி-க்யூ, வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை வைப்பது. அதைப் பார்த்து எப்படி நகலெடுப்பது? வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இதே கெஃப் வீட்டில் கட்டுபவர்களுக்கென்று கன்ஸ்ட்ரக்டர் வரிசையில் டிரைவரும் வரைபடமும் விற்றது. அதில் சிஎஸ்1, பி110, டி27 இரண்டையும் வைத்த சின்னப் பெட்டி.

இன்னொரு பொறி: டிரைவர் கம்பெனிகள் பெரிய வாடிக்கையாளருக்குத் தனியாக மாற்றிக் கொடுக்கும். கூடை, காந்தம், கோன் எல்லாம் ஒன்று, உள்ளே வாய்ஸ் காயில் வேறு. படத்தைப் பார்த்து "இது இன்ன மாடல்" என்று முடிவு கட்டினால் எங்கே போய் நிற்கும் என்று பி110 கதையில் பார்த்தோம்.

"என் குளோனையும் ஒரிஜினலையும் பக்கத்துல வெச்சுக் கேட்டோம். என்னோடதுதான் நல்லா இருந்துச்சு!"

இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சத்தத்தில் இருந்தனவா? 1 டெசிபெல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்றுதான் சொல்லும். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, மீட்டரில் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் இன்னொருவர் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இடமும் முக்கியம். சுவரை ஒட்டி இருந்ததற்குப் பேஸ் கூடியிருக்கும். ஒரிஜினலின் வயதையும் பாருங்கள். 40 வருடக் கெபாசிட்டர் எண் மாறியிருந்தால் நீங்கள் ஒப்பிட்டது அசலோடு இல்லை. இத்தனைக்குப் பிறகும் உங்களுடையது பிடித்திருந்தால் சந்தோஷமாக வைத்துக் கேளுங்கள்.

"நாலு பேர் எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கறாங்க. பிபிசின்னு பட்டை ஒட்டிக் குடுக்கலாமா?"

கூடாது. உங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒன்று கட்டிக்கொள்வது வேறு, பிபிசி பெயரையோ ரோஜர்ஸ் பட்டையையோ ஒட்டிக் காசு வாங்குவது வேறு. எல்எஸ்3/5ஏ என்று விற்க பிபிசியின் உரிமம் வேண்டும். பட்டை ஒட்டாமல் செய்துகொடுத்தாலும், அதில் எந்த டிரைவர், எந்த கிராஸ்ஓவர் என்று ஒரு தாளில் எழுதிப் பின்பலகையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அந்த ஸ்பீக்கர் ஒருநாள் கைமாறும். வாங்குபவர் ஒரிஜினல் என்று நினைத்து ஏமாறக் கூடாது, பழுது பார்ப்பவருக்கும் வேலை சுலபம். ஆசாரிக்குக் கொடுத்த வரைபடத்தின் நகலையும் அதோடு மடித்து வைத்தால் இன்னும் நல்லது.